எங்களைப் பற்றி, நாங்கள் இல்லாமலா? செக் நாடும் ஐரோப்பிய ஒன்றியமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செக் நாடு என்றதும் நம்மில் பலருக்கு பிராக் நகரத்துப் பாலமும் ஸ்கோடா காரும்தான் நினைவுக்கு வரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பது அந்த மக்களுக்கு லாபமா நஷ்டமா, பிடித்துத்தான் இருக்கிறார்களா என்று கேட்டால் ஒற்றை வரியில் பதில் சொல்ல முடியாது. இந்த விஷயத்தைப் பல காலமாகக் கவனித்து வருகிறேன். எனக்குத் தெரிந்ததை, கேள்விகளாகப் பிரித்து இங்கே எழுதுகிறேன்.

செக் நாடு எப்போது ஒன்றியத்தில் சேர்ந்தது?

2004 மே 1 அன்று. அதே நாளில் மொத்தம் பத்து நாடுகள் சேர்ந்தன. அதற்கு முந்தைய ஆண்டு ஜூன் மாதம் பொது வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் 77.33 சதவீதம் பேர் சேரலாம் என்றார்கள். ஆனால் வாக்குச்சாவடிக்கு வந்தவர்களே 55 சதவீதம்தான்.

பெரிய கூட்டமைப்பு ஒன்றில் இருப்பது அவர்களுக்குப் புதிதா?

இல்லவே இல்லை. இன்றைய செக் மனநிலையைப் புரிந்துகொள்ள இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். 1526-ல் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சம், இன்றைய செக் நாட்டின் பெரும்பகுதியான பொஹீமியாவின் அரியணைக்கு வந்தது. அதிலிருந்து 1918 வரை, ஏறக்குறைய நானூறு ஆண்டுகள், செக் மக்கள் வியன்னாவின் ஆட்சியில் இருந்தார்கள்.

பிராக் பழைய நகரச் சதுக்கத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் வானியல் கடிகாரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். கொஞ்சம் நகர்ந்து, அதே நகர மன்றக் கட்டடத்தின் கிழக்குப் பக்கம் வந்து தரையைப் பார்த்தால், பாவிய கற்களுக்கு நடுவே 27 வெள்ளைச் சிலுவைகள் தெரியும். ஹாப்ஸ்பர்க் ஆட்சியை எதிர்த்து நடந்த வெள்ளை மலைப் போரில் 1620-ல் செக் பிரபுக்களின் படை தோற்றது. அடுத்த ஆண்டு ஜூன் 21 அன்று கிளர்ச்சித் தலைவர்கள் 27 பேரை இந்த இடத்தில்தான் கொன்றார்கள். அவர்களில் பன்னிரண்டு பேரின் தலைகளைப் பாலத்துக் கோபுரத்தில் பல ஆண்டுகள் தொங்கவிட்டார்கள். அந்தக் கற்களைத் தாண்டித்தான் செக் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலா போகிறார்கள்.

ஆனால் அந்த நானூறு ஆண்டுகளையும் ஒரே இருட்டாக நினைத்துவிடக் கூடாது. செக் வரலாற்றாசிரியர் ஃப்ரான்டிஷெக் பலாட்ஸ்கி 1848-ல் எழுதிய கடிதம் ஒன்று இன்றைக்கும் அங்கே பேசப்படுகிறது. ஆஸ்திரியப் பேரரசு என்று ஒன்று இல்லாமல் இருந்திருந்தால் நாமே அதை உருவாக்கியிருக்க வேண்டும் என்பது அதில் அவர் சொன்ன கருத்து. ஒரு பக்கம் ஜெர்மனி, மறுபக்கம் ரஷ்யா. நடுவில் சின்னச் சின்ன இனங்கள் தனித்தனியே நின்றால் பிழைக்க முடியாது, ஒரு குடை வேண்டும் என்று அவர் நினைத்தார். அந்தக் குடைக்குள் சம மரியாதை கிடைக்கும் என்றும் நம்பினார். 1867-ல் வியன்னா, ஹங்கேரியோடு மட்டும் அதிகாரத்தைப் பகிர்ந்துகொண்டது. செக் மக்களுக்கு ஒன்றும் இல்லை. அவர்களுடைய பிரதிநிதிகள் 1879 வரை வியன்னா நாடாளுமன்றத்தைப் புறக்கணித்தார்கள். இப்படித்தான் ஆகும் என்று 1865-லேயே மனம் கசந்து, பலாட்ஸ்கியே, ஆஸ்திரியாவுக்கு முன்னும் நாங்கள் இருந்தோம், அதற்குப் பின்னும் இருப்போம் என்று எழுதும் நிலைக்கு வந்தார்.

குடை வேண்டும், குடைக்குள் நமக்கும் ஓர் இடம் வேண்டும். இன்று ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸைப் பற்றி செக் மக்கள் பேசுவதைக் கேட்டால் பலாட்ஸ்கியின் இந்த இரண்டு மனநிலையும் மாறி மாறி வருவதாகவே எனக்குப் படுகிறது.

‘ஓ நாஸ் பெஸ் நாஸ்’ என்றால் என்ன?

‘எங்களைப் பற்றி, நாங்கள் இல்லாமல்’ என்று பொருள். 1938 செப்டம்பர் கடைசியில் மியூனிக் நகரில் ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய நான்கு நாட்டுத் தலைவர்களும் உட்கார்ந்து, செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதிகளை ஹிட்லருக்கு எழுதிக் கொடுத்தார்கள். யாருடைய நிலத்தைக் கொடுத்தார்களோ அவர்களை மேசைக்கே கூப்பிடவில்லை. பிரான்ஸ் அவர்களுடைய கூட்டாளி நாடு என்பதுதான் இதில் கொடுமை. ஆறே மாதத்தில், 1939 மார்ச் 15 அன்று, ஜெர்மன் படை பிராக் நகருக்குள் நுழைந்தது.

அதிலிருந்து இந்தச் சொற்றொடர் அந்த மொழியில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. ஒன்றியத்தில் எந்த முடிவு பிடிக்காவிட்டாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். பல சமயம் அது பொருத்தமில்லாத ஒப்பீடுதான். மேசையில் நாற்காலி இருந்தும் வாக்கெடுப்பில் தோற்பது வேறு, நாற்காலியே இல்லாமல் இருப்பது வேறு. ஆனால் அந்தக் காயம் உண்மையானது, அதைத் தெரிந்துகொள்ளாமல் செக் அரசியலைப் படிக்க முடியாது.

சோவியத் காலத்திலும் பொருளாதாரக் கூட்டமைப்பு ஒன்று இருந்ததே?

இருந்தது. கோமேகான் என்று வெளியே அறியப்பட்ட அமைப்பு 1949 ஜனவரியில் தொடங்கியது. அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லியாக வேண்டும். 1947 ஜூலையில் அமெரிக்காவின் மார்ஷல் உதவித் திட்டம் பற்றிப் பாரிஸில் கூட்டம் கூட்டினார்கள். செக்கோஸ்லோவாக்கிய அரசு வருகிறோம் என்றது. உடனே அவர்களுடைய தலைவர்களை மாஸ்கோவுக்கு அழைத்துப் பேசினார் ஸ்டாலின். சில நாளிலேயே, வரவில்லை என்று பதில் மாறியது. எந்தச் சந்தையில் சேரலாம் என்ற முடிவுகூட அவர்கள் கையில் இல்லை என்பது அன்றே தெரிந்துவிட்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் கம்யூனிஸ்ட் கட்சி முழு ஆட்சியையும் பிடித்தது.

1968 ஆகஸ்ட் 20 நள்ளிரவில் வார்சா ஒப்பந்த நாடுகளின் டாங்கிகள் உள்ளே வந்தன. தங்கள் சொந்தக் கூட்டணியே தங்கள் மீது படையெடுத்த அனுபவம் அது. தமிழ் வாசகர்களுக்கு இதில் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. தமிழ் இலக்கியத்தை உலகப் பல்கலைக்கழகங்களுக்குக் கொண்டு சென்ற கமில் சுவெலபில் பிராக் நகரத்துக்காரர். அந்தப் படையெடுப்புக்குப் பிறகு அவர் நாட்டை விட்டு வெளியேறி, பின்னாளில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார்.

கோமேகான் 1991 ஜூன் மாதத்தில் கலைந்தது. சில நாள் கழித்து, ஜூலை 1 அன்று, வார்சா ஒப்பந்தமும் முடிவுக்கு வந்தது. அந்த முடிவு கையெழுத்தான இடம் பிராக்.

இவ்வளவு பட்டவர்கள் மறுபடியும் ஏன் ஒரு ஒன்றியத்தில் சேர்ந்தார்கள்?

1989-ல் கம்யூனிஸ்ட் ஆட்சி வீழ்ந்த பிறகு அவர்கள் இதை ‘சேருவது’ என்றே சொல்லவில்லை. ‘ஐரோப்பாவுக்குத் திரும்புவது’ என்றுதான் சொன்னார்கள். அதன்பின் ஜனாதிபதியான எழுத்தாளர் வாட்ஸ்லாவ் ஹாவெலின் தலைமுறைக்கு அது வீடு திரும்புவது மாதிரி. இந்த முறை யாரும் டாங்கியோடு வரவில்லை. அவர்களே விண்ணப்பம் போட்டு, எட்டு வருடம் காத்திருந்து, மக்களிடம் கேட்டுவிட்டுச் சேர்ந்தார்கள். இடையில் 1993 ஜனவரி 1 அன்று ஸ்லோவாக்கியாவும் செக்கும் அமைதியாகப் பிரிந்தன. பதினோரு ஆண்டு கழித்து, பிரிந்த இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரே ஒன்றியத்துக்குள் வந்தார்கள்.

சரி, பொருளாதார ரீதியாக லாபமா?

லாபம்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. செக் ஏற்றுமதியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு ஒன்றிய நாடுகளுக்குத்தான் போகிறது. ஜெர்மனி மட்டுமே மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வாங்குகிறது. எல்லையில் லாரி நிற்க வேண்டியதில்லை என்பது கார் உதிரிபாகம் செய்யும் நாட்டுக்கு உயிர் மாதிரி. ஒன்றியத்துக்குக் கட்டியதையும் வாங்கியதையும் கழித்துப் பார்த்தால், 2004-லிருந்து ஒரு லட்சம் கோடி கொருனாவுக்கு (செக் நாணயம்) மேல் கூடுதலாக வந்திருக்கிறது. ரயில் பாதை, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு, பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் என்று அந்தப் பணம் கண்ணுக்குத் தெரிகிறது. வேலையின்மை ஒன்றியத்திலேயே மிகக் குறைந்த நாடுகளில் ஒன்று.

அந்தப் பணம் எல்லாம் நேராகப் போய்ச் சேர்ந்ததா என்றால், இல்லை. 2012 மே மாதம் மாநில ஆளுநர் ஒருவரை போலீஸ் பிடித்தபோது அவர் கையில் ஒயின் பெட்டி இருந்தது. உள்ளே 70 லட்சம் கொருனா ரொக்கம். ஒன்றிய மானியத்தில் நடந்த கட்டட வேலைகளுக்கு வாங்கிய லஞ்சம் என்பது வழக்கு. பின்னால் அவருக்குச் சிறைத் தண்டனையும் கிடைத்தது. அந்த ஒயின் பெட்டியை செக் மக்கள் இன்னும் மறக்கவில்லை.

இன்னொரு மனக்குறையும் உண்டு. அதற்கு அங்கே ‘மொன்டொவ்னா’ என்று ஒரு சொல் இருக்கிறது: உதிரிபாகங்களைப் பூட்டும் கூடம். வடிவமைப்பு வேறெங்கோ, முதலாளி வேறெங்கோ, லாபம் வேறெங்கோ போகிறது, நாம் திருகாணி முடுக்குகிறோம் என்ற ஆதங்கம். எல்லைக்கு அந்தப் பக்கம் பவேரியாவில் அதே வேலைக்கு எவ்வளவு சம்பளம் என்று அவர்களுக்குத் தெரியும். தினமும் காலையில் எல்லை தாண்டிப் போய் வேலை செய்துவிட்டுச் சாயங்காலம் திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். இதில் ஒரு பழைய கோபமும் சேர்ந்திருக்கிறது: ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் தங்கள் வேலைச் சந்தையை ஏழு ஆண்டுகள் பொத்தி வைத்திருந்து, 2011 மே மாதம்தான் முழுதாகத் திறந்தன. பிரிட்டனும் அயர்லாந்தும் ஸ்வீடனும் முதல் நாளே திறந்தன.

ரம், வெண்ணெய்ச் சண்டை என்று கேள்விப்பட்டேனே, அது என்ன?

வெளியிலிருந்து பார்த்தால் அற்ப விஷயம். ஒன்றியம் என்பது சமையலறைக்குள் வரும்போது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

கிறிஸ்துமஸ் வந்தால் செக் வீடுகளில் சின்னச் சின்னப் பலகாரங்கள் சுடுவார்கள். அதில் பலவற்றுக்கு ரம் ஊற்ற வேண்டும். கரும்பு விளையாத நாடு அது. அதனால் உருளைக்கிழங்கிலோ சர்க்கரை எடுக்கும் பீட்ரூட்டிலோ எடுத்த சாராயத்தில் வாசனையும் நிறமும் சேர்த்து ‘உள்நாட்டு ரம்’ என்று விற்றுவந்தார்கள். பல தலைமுறைகளின் பண்டிகை வாசனை அது. ஒன்றியத்தின் விதிப்படி கரும்பிலிருந்து எடுத்தால்தான் ரம். ஆகவே பாட்டிலில் இருந்த ‘ரம்’ போய், ‘உள்நாட்டு’ மட்டும் மிஞ்சியது. இப்போது அதை ‘துசெமாக்’ என்பார்கள், ‘உள்நாட்டான்’ என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே இருப்பது மாறவில்லை. சமையல் குறிப்பு எழுதிய பாட்டியின் நோட்டில் இன்னும் ரம் என்றுதான் இருக்கும்.

‘பொமஸான்கொவே மாஸ்லோ’ கதை இன்னும் வேடிக்கை. ‘ரொட்டியில் தடவும் வெண்ணெய்’ என்று பொருள். புளித்த பாலாடையில் செய்வது. கொழுப்பு 31 சதவீதம் இருந்தால் போதும். ஒன்றியத்தின் கணக்கில் 80 சதவீதம் பால்கொழுப்பு இருந்தால்தான் வெண்ணெய். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 2012 அக்டோபரில் செக் தரப்பு தோற்றது. அதற்குப் பிறகு டப்பாவில் என்ன எழுதினார்கள் தெரியுமா? ‘பாரம்பரியமான, ரொட்டியில் தடவும்’. அவ்வளவுதான். பெயரெச்சம் நிற்கிறது, பெயர்ச்சொல்லைக் காணோம். கடைக்குப் போகிற எல்லோருக்கும் காணாமல் போன சொல் எது என்று தெரியும்.

இதே விதிகள் மறுபக்கம் அவர்களுக்கு உதவியும் இருக்கின்றன. ‘செக் பீர்’ என்ற பெயரும், பீரில் சேர்க்கும் ஷாடெட்ஸ் ஊர் ஹாப்ஸ் பூவும், ஓலோமோட்ஸ் ஊரின் கடுநாற்றப் பாலாடைக்கட்டியும் இன்று ஒன்றியம் முழுக்கப் பாதுகாக்கப்பட்ட புவிசார் பெயர்கள். வெண்ணெய்க் கதையைச் சொல்கிறவர்கள் இதையும் சொல்வது நியாயம்.

ஒரே பிராண்ட், இரண்டு தரம் என்ற புகார் உண்மையா?

உண்மைதான். அதே பெயர், அதே உறை. ஆனால் ஜெர்மனியில் விற்கும் மீன் துண்டில் மீன் அதிகம், செக் கடையில் விற்பதில் மீன் குறைவு. ஆய்வுக்கூடச் சோதனைகளிலும் இது தெரியவந்தது. எங்களைக் குப்பைத்தொட்டியாக நினைக்கிறார்களா என்று செக் அரசியல்வாதிகள் கேட்டார்கள். அந்தக் கோபத்தில் முழு நியாயம் இருக்கிறது. செக் நாடும் அக்கம்பக்கத்து நாடுகளும் விடாமல் பேசியதால்தான் 2019-ல் ஒன்றிய அளவில் இதற்கு எதிராகச் சட்ட விதி வந்தது.

யூரோவுக்கு ஏன் மாறவில்லை?

சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி ஒருநாள் மாறியே ஆக வேண்டும். டென்மார்க்குக்கு இருப்பது போன்ற விலக்கு செக் நாட்டுக்குக் கிடையாது. ஆனால் எந்தத் தேதிக்குள் என்று ஒப்பந்தத்தில் இல்லை. முதல் படியாகத் தங்கள் நாணயத்தை யூரோவோடு இரண்டு ஆண்டு கட்டிவைக்கும் ஏற்பாட்டில் சேர வேண்டும். அதில் அவர்கள் கால் வைக்கவே இல்லை. ஸ்லோவாக்கியா 2009-லேயே மாறிவிட்டது.

மக்களில் பெரும்பாலானவர்கள் யூரோ வேண்டாம் என்கிறார்கள். கிரீஸ் கடன் நெருக்கடியைப் பார்த்து வந்த பயம் ஒன்று, கொருனா மேல் உள்ள பாசம் இன்னொன்று. 1993-ல் நாடு பிரிந்தபோது பழைய நோட்டுகளில் சின்ன முத்திரைத் தாளை ஒட்டி, சில நாளிலேயே தனி நாணயம் ஆக்கினார்கள். அது சொந்தக் கையால் செய்த காரியம். ஆனால் வியாபாரம் வேறு பாதையில் போகிறது: ஏற்றுமதி செய்யும் பல நிறுவனங்கள் தங்களுக்குள்ளேயே யூரோவில்தான் கொடுக்கல் வாங்கல் செய்கின்றன. சம்பளம் வாங்குகிறவருக்குக் கொருனா, முதலாளிக்கு யூரோ. இது ரொம்ப நாள் நல்லதல்ல என்பது என் கருத்து.

செக் விசா இருந்தால் மற்ற நாடுகளுக்கும் போகலாமா?

குறுகிய கால விசா என்றால் அது ஷெங்கன் விசாதான். ஷெங்கன் என்பது தங்களுக்குள் எல்லைச் சோதனை வேண்டாம் என்று ஒப்புக்கொண்ட நாடுகளின் ஏற்பாடு; ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றுக்கும் செல்லும், 180 நாளில் 90 நாள் வரை. செக் நாடு 2007 டிசம்பர் 21 அன்று ஷெங்கனில் சேர்ந்தது. ஆனால் பாஸ்போர்ட்டைப் பையிலேயே வைத்திருங்கள். ஜெர்மனி 2023 அக்டோபரிலிருந்து செக் எல்லையிலும் மறுபடி சோதனை வைத்தது. அப்புறம், பிராக் தெருவில் யூரோ மாற்றும்போது விகிதத்தைப் பார்த்து மாற்றுங்கள்.

ஒரு ஜனாதிபதி ஒன்றியக் கொடியையே ஏற்றவில்லையாமே?

வாட்ஸ்லாவ் கிளவுஸ். 2003 முதல் 2013 வரை ஜனாதிபதி. அவர் காலம் முழுக்க பிராக் கோட்டையில் ஒன்றியக் கொடி பறக்கவில்லை. ஒன்றியம் இயங்கும் விதத்தை மாற்றியமைத்த லிஸ்பன் ஒப்பந்தத்தை மற்ற 26 நாடுகளும் ஏற்று முடித்த பிறகு, 2009 நவம்பர் 3 அன்று கடைசி ஆளாகக் கையெழுத்திட்டார். அதே 2009-ல் ஒன்றியத்தின் சுழற்சித் தலைமை முதல்முறையாக செக் நாட்டுக்கு வந்தது. ஆறு மாதப் பொறுப்பின் பாதியில், மார்ச் மாதம், உள்நாட்டு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் அரசு கவிழ்ந்தது. விருந்துக்கு ஊரைக் கூட்டிவிட்டு வீட்டுக்காரர்கள் சண்டை போட்ட மாதிரி ஆகிவிட்டது.

2022 இரண்டாம் பாதியில் மறுபடி அந்த முறை வந்தபோது வேறு நாட்டைப் பார்த்தோம். உக்ரைன் போர், எரிவாயு விலை நெருக்கடி, அடுத்தடுத்து அவசரக் கூட்டங்கள். எல்லாவற்றையும் ஒழுங்காக நடத்திக் காட்டினார்கள்.

அகதிகள் விஷயத்தில் ஏன் அவ்வளவு பிடிவாதம்?

2015 செப்டம்பரில், 1,20,000 பேரை நாடுகளுக்குள் பங்கிடும் முடிவு பெரும்பான்மை வாக்கில் நிறைவேறியது. செக், ஸ்லோவாக்கியா, ஹங்கேரி, ருமேனியா எதிர்த்தன. செக் நாடு கடைசியில் ஏற்றுக்கொண்டது 12 பேரை. 2020-ல் ஐரோப்பிய நீதிமன்றம் இது கடமை தவறியதுதான் என்றது. நீதிமன்றம் சொன்னது சரி என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் இரண்டே ஆண்டில் உக்ரைனிலிருந்து மக்கள் வந்தபோது, மக்கள்தொகை விகிதத்தில் பார்த்தால் ஒன்றியத்திலேயே மிக அதிகம் பேருக்கு இடம் கொடுத்த நாடுகளில் செக் நாடு முன்னால் நின்றது. 1968-ஐப் பார்த்த நாட்டுக்கு ரஷ்ய டாங்கி என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிரிட்டன் மாதிரி வெளியேறிவிடுவார்களா?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. குறை சொல்வார்கள், ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கப் போக மாட்டார்கள். 2014-ல் 18 சதவீதம்தான் போனார்கள். 2024-ல் அது 36 சதவீதமாக இருமடங்கு ஆனது. வெளியேற வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்கும் கட்சிகள் பெரும்பான்மை பெற்றதே இல்லை.

ஒரு கோடி மக்கள் உள்ள சின்ன நாட்டின் பேச்சு ஒன்றியத்தில் எடுபடுகிறதா?

இதற்கு ஒரு கிராமத்தின் கதையைச் சொல்கிறேன். செக், போலந்து, ஜெர்மனி மூன்றும் சந்திக்கும் மூலையில் உஹெல்னா என்று ஒரு சிற்றூர். எல்லைக்கு அந்தப் பக்கம் போலந்தின் துரூவ் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். சுரங்கம் தோண்டத் தோண்ட, இந்தப் பக்கம் கிணற்று நீர் இறங்கிக்கொண்டே போனது. போலந்து மக்கள்தொகையில் செக் நாட்டைப் போல் மூன்றரை மடங்கு. பழைய ஐரோப்பாவாக இருந்தால் உஹெல்னாக்காரர்கள் வாயை மூடிக்கொண்டு லாரித் தண்ணீருக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

2021 பிப்ரவரியில் செக் அரசு ஐரோப்பிய நீதிமன்றத்தில் போலந்து மீது வழக்குப் போட்டது. மே மாதம், தோண்டுவதை நிறுத்து என்று இடைக்கால உத்தரவு வந்தது. போலந்து நிறுத்தவில்லை. செப்டம்பரில், நிறுத்தும் வரை நாளொன்றுக்கு 5 லட்சம் யூரோ அபராதம் என்று நீதிமன்றம் சொன்னது. அதையும் போலந்து கட்டவில்லை. ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் அந்நாட்டுக்குச் சேர வேண்டிய நிதியிலிருந்தே கழித்துக்கொண்டது. 2022 பிப்ரவரி 3 அன்று இரண்டு பிரதமர்களும் பிராக் நகரில் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். போலந்து தரப்பிலிருந்து 4.5 கோடி யூரோ இழப்பீடு, நீர் கசிவதைத் தடுக்க நிலத்தடிச் சுவர். வழக்கு திரும்பப் பெறப்பட்டது.

1938-ல் கிடைக்காத நாற்காலி இதுதான் என்று நான் நினைக்கிறேன். ஆனால் உஹெல்னா பக்கத்து மக்கள் பலர் அந்த உடன்பாட்டில் திருப்தி அடையவில்லை. சுரங்கம் தோண்டுவது நிற்கவில்லையே என்றார்கள். கையெழுத்தாகும் முன் எங்களிடம் ஏன் காட்டவில்லை என்று பிராக் அரசைத்தான் கேட்டார்கள்.